உள்வடிவமைப்பை ஓவியத்திலிருந்து தொடங்குவது சரியா? கிருஷ்ணகிரியில் கட்டும் வீட்டுக்கு ஆலோசனை தேவை

மாந்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் செல்லும் வழியில் ஏறக்குறைய 1,800 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கூரைத் தளமும் சுவர்க் கட்டுமானமும் முடிந்துவிட்டன. அடுத்து, சுவரில் காடி வெட்டி மின்குழாய் பதிக்கும் வேலை வரவிருக்கிறது. தை மாதத்தில் கிரகப்பிரவேசம் வைக்க வேண்டும் என்பது மாமியாரின் விருப்பம்.

உள்வடிவமைப்புக்காக இருவரிடம் பேசினோம். பெங்களூரு நிறுவனம் ஒன்று வீட்டின் வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சில நாட்களிலேயே முப்பரிமாணப் படங்களை அனுப்பிவிட்டது. டிவி யூனிட், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அதன் விளிம்பில் நீல விளக்குப் பட்டை, சோபாவுக்குப் பின்னால் வால்பேப்பர் என எல்லாவற்றுக்கும் சதுர அடிக் கணக்கில் விலையும் போட்டிருந்தார்கள். ஓசூரில் தனியாகத் தொழில் செய்யும் பெண் வடிவமைப்பாளர் ஒருவர் முற்றிலும் வேறு விதமாகத் தொடங்கினார். நாங்கள் இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்து, யார் எங்கே உட்காருகிறோம், எந்த நேரத்தில் எந்தச் சன்னலைத் திறக்கிறோம், பரணில் என்ன வைத்திருக்கிறோம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பரணிலிருந்த பெட்டியில் என் பெரிய மாமனார் தெருக்கூத்தில் கட்டிய கிரீடமும், தோளில் அணியும் புஜக்கட்டைகளும், மார்புப் பதக்கமும் இருந்தன. அவற்றை வெகுநேரம் பார்த்தார். முடிவில், "முதலில் இந்த வீட்டில் இருக்கப்போகும் இரண்டு மூன்று கலைப்பொருள்களை முடிவு செய்வோம், சுவர் வண்ணம், சோபாத் துணி, விளக்கு எல்லாவற்றையும் அதன் பிறகு பேசுவோம்" என்று கூறி, கலைப்பொருள்களுக்கெனத் தனியாக ஒரு தொகை ஒதுக்கச் சொன்னார்.

எனக்கு அவருடைய அணுகுமுறை பிடித்திருக்கிறது. என் கணவரோ, வீடு முடிந்த பிறகு வாங்கி மாட்ட வேண்டிய படத்துக்காக இப்போதே எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும், இது கட்டணத்தை உயர்த்தும் வழியோ என்று ஐயப்படுகிறார். மாமனார் கிரானைட் பாலிஷ் பட்டறை நடத்தியவர். ஹாலின் ஒரு சுவர் முழுவதும் கருப்புக் கிரானைட் பதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இந்த மூன்றையும் எப்படிப் பொருத்துவது? இவ்வாறு வேலை செய்யும் வடிவமைப்பாளர்களிடம் வீடு கட்டியவர்களும், இத்துறையில் இருப்பவர்களும் தங்கள் கருத்தைக் கூறினால் உதவியாக இருக்கும்.

தகடூரான் (தருமபுரி) எழுதியது:

உங்கள் கணவரின் ஐயத்தை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள், சகோதரி. எங்கள் வீட்டை முடித்துக் கொடுத்த நிறுவனமும் "ஆர்ட் பேக்கேஜ்" என்று ஒரு வரியை மதிப்பீட்டில் சேர்த்திருந்தது. வந்தவை அனைத்தும் கேன்வாஸ் துணியில் இயந்திரத்தில் அச்சடித்த படங்கள்: ஏழு குதிரைகள், ஒரு புத்தர் முகம், பெயர் தெரியாத வெளிநாட்டு நகரத்தின் மழைக்காலத் தெரு. அதே ஏழு குதிரைகளை அடுத்த தெருவில் அவர்கள் முடித்த இன்னொரு வீட்டிலும் பார்த்தேன். மேற்குச் சன்னலுக்கு எதிரே மாட்டியிருந்த புத்தர், இரண்டு கோடைகளுக்குள் வெளிறிப்போனார்.

ஆகவே ஓவியம் முதலில் வருவதா கடைசியில் வருவதா என்பதைவிட, யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யாரிடம் வாங்குகிறார்கள், அந்தப் பணம் யார் கையில் போகிறது என்பவற்றையே நான் முதலில் கேட்பேன். வடிவமைப்பாளருக்குக் கடைக்காரர் தரும் கழிவு (கமிஷன்) இத்தொழிலில் உண்டு. பிளைவுட்டிலும் உண்டு, விளக்கிலும் உண்டு, படத்திலும் உண்டு. பிளைவுட்டில் ஐஎஸ் 303, ஐஎஸ் 710 என்று இந்தியத் தர முத்திரையாவது இருக்கிறது. ஓவியத்துக்கு அப்படி எந்த முத்திரையும் கிடையாது என்பதால், விலை நியாயமானதா என்று நம்மைப் போன்றவர்கள் சரிபார்க்க முடிவதில்லை.

அவர் உங்கள் வீட்டுப் பரணைப் பார்த்தார் என்பது மட்டும் எனக்கு நல்ல அறிகுறியாகத் தோன்றுகிறது. எங்களிடம் யாரும் அப்படி எதையும் கேட்கவில்லை.

நிலைக்கதவு (ஓசூர்) எழுதியது:

வணக்கம். நானும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வீடுகளுக்கு உள்வடிவமைப்புச் செய்பவள். நீங்கள் குறிப்பிடும் வடிவமைப்பாளர் நான் இல்லை, அவரை அறியவும் மாட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பழக்கமானவை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கலைப்பொருளிலிருந்து தொடங்குவது என்றவுடன், படத்தில் சிவப்பு இருந்தால் திரைச்சீலையும் சிவப்பாக வாங்குவது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படிச் செய்த அறைகள் துணிக்கடையின் காட்சிக் கண்ணாடியைப் போலத்தான் இருக்கும். நான் செய்வது வேறு. ஒரு குடும்பம் நீண்ட காலம் பார்த்துக்கொண்டே இருக்க விரும்பும் பொருள் எது என்று தெரிந்துவிட்டால், அந்த அறையில் வேறு எதுவும் அதைவிட உரக்கப் பேசக் கூடாது என்பதும் தெரிந்துவிடுகிறது. ஃபால்ஸ் சீலிங்கில் எத்தனை அடுக்கு வேண்டும், டிவிக்குப் பின்னால் மரப்பட்டைகள் வேண்டுமா, தரைக்கு எந்தக் கல் என்ற கேள்விகளில் பாதி அங்கேயே அடங்கிவிடும். என் அனுபவத்தில், இவ்வாறு தொடங்கிய வீடுகளில் மரவேலைச் செலவு குறைந்திருக்கிறது. காரணம், வெறுமையாக விட வேண்டிய சுவர்கள் எவை என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இது புதிய முறையும் அன்று. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, கட்டடம் எழும்பும்போதே கலைஞர்களைத் தம்முடன் வைத்துக்கொண்டு வேலை செய்தவர். 1960களின் இறுதியில் பெந்தோட்டையில் அவர் கட்டிய கடற்கரை ஹோட்டலின் வரவேற்புக்கூடத்தில், ஏனா த சில்வாவின் பாத்திக் துணிகளே (மெழுகிட்டுச் சாயமேற்றியவை) உட்கூரையாக அமைந்தன. அவரே வடிவமைத்த கந்தளமை ஹோட்டலின் படிக்கட்டின் மேல் கலைஞர் லக்கி சேனநாயக்க செய்த மாபெரும் ஆந்தைச் சிற்பம் இறக்கை விரித்து நிற்கிறது. அவற்றைப் பின்னால் வாங்கிக் கொண்டுவந்து மாட்டியிருக்க முடியாது. கூரையின் உயரமும் படிக்கட்டின் திருப்பமும் அவற்றோடு சேர்த்தே எண்ணப்பட்டவை. நம் 1,800 சதுர அடி வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், எண்ணும் வரிசை அதுவே.

வண்ணத்தைப் பற்றி என் கருத்து இது. ஓவியத்தில் கண்ணைப் பறிக்கும் நிறத்தை அங்கேயே விட்டுவிட்டு, அதன் பின்புலத்தில் ஒதுங்கி நிற்கும் நிறத்தைத்தான் சுவருக்கு எடுப்பேன். தஞ்சாவூர் ஓவியம் மாட்டும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடு எழுப்பி, தங்கத் தாளும் கற்களும் பதித்த அந்த ஓவியமே போதிய அளவு ஒளிர்கிறது. அதற்குப் பின்னால் மெரூன் டெக்ஸ்ச்சர் அடித்து, மேலே மஞ்சள் விளக்கும் போட்டுவிட்டால் சுவாமி முகம் கண்ணுக்கே தெரியாது. சுண்ணாம்பு வெள்ளையோ சற்று மங்கிய சந்தன நிறமோ உள்ள சுவரில் அது தானே தனித்துத் தெரியும். வழிபடும் படமாக இருந்தால் அதன் இடத்தைக் குடும்பத்தின் வழக்கம் முடிவு செய்யட்டும். அங்கே வடிவமைப்பாளர் வாய் திறக்காமலிருப்பது நல்லது.

அடுத்து, இடம். தலைவாசலில் நிற்கும்போது நேரே தெரியும் சுவர், சாப்பிடும்போது எதிரே இருக்கும் சுவர், படிக்கட்டுத் திருப்பம் ஆகிய மூன்றும்தான் எந்த வீட்டிலும் அதிகம் பார்க்கப்படுபவை. இவற்றில் இரண்டுக்கு நல்ல பொருள் கிடைத்தால் போதும். சோபாவின் மேல்தான் பெரிய படம் இருக்க வேண்டும் என்று ஏன் எல்லாரும் நினைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியதில்லை. அங்கே உட்காருபவர்களுக்கு அது முதுகுப் பக்கம். இருந்தாலும் அங்கேதான் வேண்டும் என்றால், படத்தின் அகலம் சோபாவின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும், சோபா முதுகுக்கு மேல் இடைவெளி ஆறு முதல் எட்டு அங்குலமும் இருக்கட்டும். மற்ற இடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலம், அதாவது நாலே முக்கால் அடி உயரத்தில் வருவது காட்சிக்கூடங்களில் கடைப்பிடிக்கும் கணக்கு. நம் பழைய வீடுகளில் நிலைக்கு மேலே உயர்த்தி, முன்பக்கம் சாய்த்து மாட்டுவார்கள். கண்ணாடியில் வெளிச்சம் அடித்து முகம் மறைவதை அந்தச் சாய்வு குறைத்தது. முன்னோர் படங்களை இப்போதும் அப்படி மாட்ட விரும்பினால் தயங்காமல் மாட்டுங்கள்.

உங்கள் கணவருக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி விளக்கைப் பற்றியது. படத்தை வீடு முடிந்த பிறகு வாங்கலாம். அதற்கான மின்குழாயைப் பிறகு பதிக்க வேண்டுமானால் புட்டி போட்டுப் பூசிய சுவரை மீண்டும் வெட்ட வேண்டியிருக்கும். விளக்கின் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்வில் படத்தின் நடுவில் விழ வேண்டும். உங்கள் ஃபால்ஸ் சீலிங் ஒன்பதரை அடி உயரத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், படத்தின் நடுவுக்கும் அதற்கும் உள்ள உயரம் நாலே முக்கால் அடி. விளக்கு, சுவரிலிருந்து ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி தள்ளி வர வேண்டும். இன்னும் நெருக்கமாக வைத்தால் சட்டத்தின் நிழல் படத்தின் மேல் நீளமாக விழும். தள்ளி வைத்தால் கண்ணாடியில் விளக்குத்தான் தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான (இளமஞ்சள் ஒளி தரும்) எல்இடி, வண்ணம் காட்டும் திறன் (சிஆர்ஐ) 90க்கு மேல் என்று எழுதிக் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். நிறங்களை உள்ளபடி காட்டாத மலிவு விளக்கின் கீழ் எந்த ஓவியமும் சாம்பல் பூத்ததாகவே தெரியும்.

பணத்தைப் பற்றி: மொத்தச் செலவில் இத்தனை விழுக்காடு கலைக்கு என்று விதி எதுவும் இல்லை, யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சமையலறைக்கும் குளியலறைப் பக்கத்து அலமாரிக்கும் ஐஎஸ் 710 தரப் பிளைவுட் வாங்குவதைக் குறைத்துக்கொண்டு ஓவியம் வாங்கச் சொன்னால் அதை நான் எதிர்ப்பேன். டிவி யூனிட்டின் மேல்பகுதி, ஃபால்ஸ் சீலிங்கின் இரண்டாம் அடுக்கு, ஹாலின் வால்பேப்பர் ஆகியவற்றை விட்டுவிட்டு அந்தத் தொகையைக் கொண்டு ஒரே ஒரு நல்ல பொருளை வாங்கச் சொன்னால் ஆதரிப்பேன். மற்றவற்றுக்கு விளக்கின் இடத்தை மட்டும் வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம்.

கோட்டோவியன் (பாலக்கோடு) எழுதியது:

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். மேலே நிலைக்கதவு அவர்கள் கூறியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். இருந்தாலும், எந்தக் கலை என்ற கேள்வியை யாரும் தொடவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களின் கலை என்றவுடன் வடிவமைப்பாளர்கள் உடனே நடுகல்லுக்குத் தாவிவிடுகிறார்கள். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பே. வில்லும் வாளும் ஏந்தி ஓடும் வீரனின் உடல் அவ்வளவு குறைந்த கோடுகளில் அமைந்திருப்பது எந்த ஓவியனையும் நிறுத்திவைக்கும். ஆனால் நம் கிராமங்களில் நடுகல்லை வேடியப்பன் என்று பெயரிட்டு இன்றும் பொங்கல் வைத்து வழிபடுகிறார்கள். இறந்த வீரனுக்காக நட்ட கல்லைப் போலச் செய்து வரவேற்பறையில் வைத்தால், வீட்டுக்கு வரும் பெரியவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. பழைய கல்லே கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நூறு ஆண்டுகளைக் கடந்த சிற்பங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை; உரிமம் இல்லாமல் அவற்றை விற்கும் தொழில் நடத்துவது குற்றம்.

பர்கூருக்கு அருகிலுள்ள மல்லப்பாடியின் பாறை ஓவியங்கள் வேறு வகை. வெண்ணிறத்தில், குதிரையேறிப் போரிடும் உருவங்கள். அந்தக் கோட்டின் எளிமையை மனத்தில் வாங்கிக்கொண்டு ஒரு கலைஞர் புதிதாக ஏதாவது வரைந்தால் அது நம் மண்ணுக்குரிய வேலையாக இருக்கும். அதே உருவங்களை ஸ்டென்சில் வெட்டிச் சுவரில் வரிசையாக அடித்தால் உணவக அலங்காரமாகிவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் மகாராஷ்டிரப் பழங்குடியினரின் வார்லி ஓவியத்துக்கு நேர்ந்த கதி எல்லாரும் அறிந்ததே.

வாழும் கலைஞரிடம் வாங்குவதையே நான் முதலில் சொல்வேன். ஆண்டுதோறும் ஜனவரியில் பெங்களூருவின் கர்நாடகச் சித்ரகலா பரிஷத்தை ஒட்டிய குமாரகிருபா சாலையில் சித்ர சந்தை நடக்கிறது. நூற்றுக்கணக்கான ஓவியர்கள் தெருவிலேயே தங்கள் படங்களை வைத்து விற்கிறார்கள், விலையை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். நம் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிட முடியும். சென்னைப் பக்கம் போக நேர்ந்தால், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும், முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவையும் பாருங்கள். தட்சிணசித்ராவில் பழைய வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருப்பதால், திண்ணையும் தூணும் பாயும் பாத்திரமும் எந்த அளவில் எங்கே இருந்தன என்று கண்ணால் பார்க்க முடியும். வாங்குவதற்கு முன்பு நிறையப் பார்ப்பது நல்லது. முதலில் பிடித்துப்போகும் படம் பெரும்பாலும் ஏற்கெனவே நாள்காட்டியில் பார்த்துப் பழகிய படமாக இருக்கும்.

கலைஞரிடம் சொல்லி வரையச் செய்வதானால் அளவு, ஊடகம், எத்தனை நாள், முன்பணம் எவ்வளவு என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் கண்ட ஒரு படத்தைக் காட்டி அதையே வரைந்து தரச் சொல்லாதீர்கள். ஓவியரின் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு. தகடூரான் ஐயா குறிப்பிட்ட ஏழு குதிரைகளை யாரோ ஒருவர் வரைந்திருப்பார். அவருக்கு ஒரு ரூபாயாவது போயிருக்குமா என்பது ஐயமே.

பெரிய மாமனாரின் கூத்துக் கட்டைகளைப் பற்றி என் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிச் செய்யும் அந்த அணிகலன்கள், விளக்கு வெளிச்சத்தில் ஆடும்போது ஒளியைச் சிதறடிப்பதற்காகவே அப்படி அமைந்தவை. ஆடுபவர் கிரீடத்தை வணங்கிய பிறகுதான் தலையில் கட்டுவார். உங்கள் உறவிலோ ஊரிலோ இன்னும் ஆடுபவர்கள் இருந்து, அவர்களுக்கு அது பயன்படும் நிலையில் இருந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதைவிட அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் ஆடும்போது எடுத்த நல்ல புகைப்படம் ஒன்றைப் பெரிதாகச் சட்டமிட்டு மாட்டுவதே சரி என்பேன். பயன்படுத்த முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் மட்டும் வீட்டில் வையுங்கள். அப்போதும் வார்னிஷ் அடித்துப் புதிதாக்க வேண்டாம். கண்ணாடிச் சில்லு உதிர்ந்த இடம் உதிர்ந்தபடியே இருக்கட்டும். தாளும் துணியும் உள்ள பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவு ஒளியே போதும் என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். எண்ணெய் வண்ணப் படங்கள் 200 லக்ஸ் வரை தாங்கும். ஆகவே கிரீடத்துக்கும் ஓவியத்துக்கும் ஒரே சுவிட்சில் விளக்குப் போடாதீர்கள்.

மாந்தோப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. என் கணவரும் எல்லாவற்றையும் படித்தார். விளக்கின் கணக்கைப் படித்த பிறகு மின்பணியாளரிடம் பேசுவதற்கு அவரே முன்வந்திருக்கிறார்.

கோட்டோவியன் ஐயா, நீங்கள் கேட்டது எங்களுக்கும் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. பெரிய மாமனாரின் மகன் ஒருவர் இன்னும் ஆடுகிறார்; மாசி, பங்குனியில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களுக்குச் செல்வார். கிரீடத்தின் அடிக்கட்டை உறுதியாக இருப்பதாகவும், சில்லுகளை மீண்டும் ஒட்டிக் கட்டிக்கொள்ளலாம் என்றும் அவர் சொல்கிறார். புஜக்கட்டைகளில் ஒன்று பிளந்துவிட்டது. ஆகவே கிரீடம் அவரிடம் போகும். பிளந்த புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் வீட்டில் இருக்கும்.

மீதியிருப்பது கிரானைட் சுவர். 20 மில்லிமீட்டர் பலகைகள் மாமனாரிடம் ஏற்கெனவே இருக்கின்றன, வாங்கும் செலவு இல்லை. தலைவாசலுக்கு நேரே தெரியும் 12 அடி அகலச் சுவரில், தரையிலிருந்து கூரை வரை பதிக்க வேண்டும் என்கிறார். வடிவமைப்பாளர் மறுக்கவில்லை, ஆனால் "அந்தச் சுவரில் பிறகு எதையும் மாட்ட முடியாது, அதற்கு எதிரே எதை வைத்தாலும் அதில் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சுவர் ஹாலோ பிளாக்கில் கட்டியது.

உளிச்சத்தம் (பர்கூர்) எழுதியது:

கிரானைட் பதிப்பதும் மரவேலையும் என் தொழில். உங்கள் வடிவமைப்பாளர் சொன்னது முற்றிலும் சரி.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். 20 மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ வரும். 12 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 600 கிலோ ஒரே சுவரில் நிற்கிறது. தரையை ஒட்டிய வரிசையைச் சிமெண்டிலோ பசையிலோ நிறுத்திவிடலாம். ஆளுயரத்துக்கு மேலே போகும் பலகைகளைப் பசையை மட்டும் நம்பி ஒட்டுவது ஆபத்து. துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்புகளால் சுவரோடு பிணைக்க வேண்டும். ஹாலோ பிளாக்கின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் சாதாரண பிளக் பிடிக்காது. கிளாம்பு வரும் கற்களின் குழியைக் கான்கிரீட் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். இதைப் பூச்சுக்கு முன்பு செய்வது எளிது.

கருப்புக் கிரானைட்டைக் கண்ணாடிப் பாலிஷ் போட்டுத் தலைவாசலுக்கு நேரே நிறுத்தினால், பகலில் வாசல் வெளிச்சமும் இரவில் எதிர்ப்பக்க விளக்குகளும் அதில் தெரிந்துகொண்டே இருக்கும். எந்த ஓவியத்தையும் அதன் எதிரில் வைக்கத் தோன்றாது. லெதர் ஃபினிஷ் போட்டால் கல்லின் கருமை அப்படியே இருக்க, பிரதிபலிப்பு மட்டும் அடங்கிவிடும். உங்கள் மாமனாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, அவர் தொழிலே அது. ஏற்கெனவே பாலிஷ் போட்ட பலகையையும் லெதர் ஃபினிஷுக்கு மாற்றும் பட்டறைகள் இந்தப் பக்கம் இருக்கின்றன.

எனக்குத் தோன்றும் வழி, கல்லைச் சுவர் முழுவதும் ஏற்றாமல் மூன்றடி உயரத்துக்கு மட்டும் நீளமாகப் போட்டு, அதன் மேல்விளிம்பை ஆறங்குலத் தட்டுபோல நிறுத்துவது. மேலே உள்ள சுவர் சுண்ணாம்பு வெள்ளையில் வெறுமையாக இருக்கும். அதில் பூச்சுக்குள் ஒரு மர ரீப்பரைக் (நீண்ட மெல்லிய மரச் சட்டம்) கூரைக்கு ஓரடி கீழே நீளவாட்டில் புதைத்துவிட்டால், பின்னாளில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் கொக்கி போட்டுப் படம் தொங்கவிடலாம், ஹாலோ பிளாக்கை ஒவ்வொரு முறையும் துளைக்க வேண்டாம். எடையும் 180 கிலோவோடு முடிந்துவிடும், மாமனாரின் கல்லும் முதலில் கண்ணில் படும்.

புஜக்கட்டைக்கும் பதக்கத்துக்கும் பெட்டி செய்வதானால் சுவருக்குள் மாடமாகக் குழி விடாதீர்கள். புதுச் சுவரின் ஈரம் பழைய மரத்துக்கு ஆகாது. தேக்கில் ஐந்தங்குல ஆழத்தில் தனிப்பெட்டியாகச் செய்து, முன்பக்கம் அக்ரிலிக், அடியில் காற்றோட்டத்துக்கு வலை வைத்த துளைகள், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி என்று வைத்தால் போதும். பெட்டிக்குள் விளக்கு வைக்காதீர்கள், சூடு தங்கும். அவ்வப்போது திறந்து, அடியில் மாவுபோல மரத்தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொட்டியிருந்தால் உளுத்துப்போகிறது என்று பொருள்.

தகடூரான் எழுதியது:

மூன்றடிக் கல் நல்ல யோசனை. கட்டணத்தைப் பற்றிய என் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. நிலைக்கதவு அவர்கள் அதைத் தொடாமலே போய்விட்டார்கள்.

நிலைக்கதவு எழுதியது:

சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள், ஐயா. சதுர அடிக்கு இவ்வளவு, மொத்த வேலையில் விழுக்காடு, முழுமைக்கும் ஒரே தொகை என வடிவமைப்பாளர்கள் மூன்று விதமாகக் கட்டணம் வாங்குகிறோம். விழுக்காட்டு முறையில் கலைப்பொருளின் விலையையும் மொத்தத்தில் சேர்த்தால், விலை ஏற ஏற எங்கள் கட்டணமும் ஏறும். உங்கள் கணவரின் ஐயம் அங்கேதான் உண்மையாகிறது. ஆகவே சகோதரி, வடிவமைப்புக் கட்டணத்திலிருந்து கலைப்பொருளின் விலையை முழுமையாக விலக்கிவிடச் சொல்லுங்கள். ஓவியருக்கோ கடைக்கோ பணத்தை நீங்களே நேரடியாகக் கொடுத்து, ரசீது உங்கள் பெயரில் வாங்குங்கள்; ஓவியர் கையெழுத்திட்ட சான்றையும் கேளுங்கள். தேர்ந்தெடுக்க உடன் வருவதற்கும், சட்டமிட்டு மாட்டித் தருவதற்கும் தனியாக ஒரு தொகை பேசிக்கொள்ளலாம். கழிவு எதுவும் வாங்கவில்லை என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னால், முறையாகத் தொழில் செய்பவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் அந்த வரியை எழுதத் தயங்கினால் மற்றவற்றையும் இன்னொரு முறை யோசியுங்கள்.

உளிச்சத்தம் அண்ணன் சொன்ன ரீப்பருக்கு என் முழு ஆதரவு உண்டு. அது தேக்காகவோ வேம்பாகவோ இருந்து, கரையான் மருந்து அடித்துப் புதைத்ததாக இருக்கட்டும். கிரகப்பிரவேசம் தையில் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசிய சுவர் தைக்குள் முழுவதும் உலர்ந்திருக்காது. தாளில் வரைந்த படங்களையும் பழைய புகைப்படங்களையும் அன்றைக்கே மாட்டினால் கண்ணாடிக்கு உள்ளே பூஞ்சை பிடிக்கும். கோடை தொடங்கிய பிறகு மாட்டுங்கள், அப்போதும் சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள்.

காடி வெட்டும் நாளில், விளக்குக் குழாயும் சுவிட்சுக் குழாயும் போகும் வழியைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து, பக்கத்தில் அளவு நாடாவை விரித்து வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ரீப்பர் வரும் உயரத்தையும் அதே படத்தில் குறித்துவிடுங்கள். வடிவமைப்பாளருக்கு ஒரு பிரதி, உங்களிடம் ஒரு பிரதி.